காதுக்குப் பின்னாடி கல்லு மாதிரி ஒரு மேடு

கேள்வி: வணக்கம் டாக்டர், கருங்கல் பக்கத்துல இருந்து எழுதுறேன். எம்மவனுக்கு அஞ்சு வயசு. போன ஞாயித்துக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது இடது காதுக்குப் பின்னாடி கல்லு மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டுது. மாமியார் அது கட்டியாக்கும்னு சொல்லி மஞ்சள் அரைச்சு பத்து போடச் சொல்றாங்க. ரெண்டு வாரம் முன்னாடி சளி பிடிச்சு காது வலிக்குன்னு அழுதான், தேங்காயெண்ணெய சூடாக்கி ரெண்டு சொட்டு விட்டேன், சரியாயிட்டு. ஸ்கேன் எடுக்கணுமா? ராத்திரி தூக்கமே இல்ல.

பதில்: முதல்ல உங்க காதுக்குப் பின்னாடி கை வச்சுப் பாருங்கம்மா. கம்மல் போடுற இடத்துக்கு நேர் பின்னால அதே கல்லு உங்களுக்கும் இருக்கும், மாமியாருக்கும் இருக்கும். அது கட்டி இல்ல, மண்டையோட்டுல பொட்டெலும்போட ஒரு பகுதி, மாஸ்டாய்டுன்னு சொல்லுவோம். இடது பக்கம் விரலை வச்சபடியே முகத்தை வலது பக்கம் திருப்புங்க, கயிறு மாதிரி ஒரு தசை விரலுக்கு அடியில இருந்து புடைச்சுக்கிட்டு நெஞ்செலும்பு வரைக்கும் இறங்கும். அந்தத் தசை பிடிச்சுக்குறதுக்குத்தான் இந்த மேடு. பொறந்த குழந்தைக்கு இது கிடையாது, தலை நின்னு, அந்தத் தசை இழுக்க இழுக்க கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து ரெண்டு வயசு வாக்குல கைக்குத் தட்டுப்பட ஆரம்பிக்கும்.

அதனால மகனுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கா, அசையாம இருக்கா, அமுக்கினா வலிக்காம இருக்கா, அவ்வளவுதான் பாக்கணும். பட்டாணி மாதிரி தோலுக்கடியில உருண்டு ஓடுச்சுன்னா அது நெறிகட்டு, தலையில பேனோ சிரங்கோ இருக்கான்னு பாருங்க.

ஆனா அந்தக் காது வலியை நான் சும்மா விட மாட்டேன். இந்த எலும்பு வெளியில கல்லு, உள்ள தேனடை. மார்த்தாண்டத்துல தேன்பெட்டி வச்சிருக்குறவங்க அடையை எடுத்துக் காட்டுவாங்கல்ல, அப்படி சின்னச் சின்ன அறைங்க, தேனுக்குப் பதிலா காத்து. அந்த அறைங்க, காது ஜவ்வுக்கு உள்பக்கம் இருக்குற நடுக்காதோட சேர்ந்திருக்கு, நடுக்காதுல இருந்து ஒரு குழாய் மூக்குக்குப் பின்னாடி போகுது, சின்னப் பிள்ளைங்களுக்கு அந்தக் குழாய் குட்டையா படுத்த வாக்குல இருக்குறதால சளி பிடிச்சா கிருமி ஈசியா காதுக்குள்ள ஏறிடும், அங்க சீழ் வச்சா சில பிள்ளைங்களுக்கு அது அப்படியே இந்த எலும்புக்குள்ளயும் போயிடும். அந்த எலும்புக்கு மேல மெல்லிசா ஒரு தகடு, அதுக்கு மேல மூளை. பின்னாடி மூளையில இருந்து ரத்தம் இறங்குற பெரிய ரத்தக்குழாய் ஓடுது. பயம் அதுதான்.

குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு நாலு வயசுப் பொண்ணைக் கொண்டு வந்தாங்க, காதுக்குப் பின்னாடி காய்ஞ்ச மஞ்சள் பத்து. தண்ணியில நனைச்சுத் துடைச்சுப் பாத்தா தோல் செவசெவன்னு கொதிக்குது, காதுக்கும் தலைக்கும் நடுவுல இருக்குற அந்த மடிப்பே காணோம், காது மடல் முன்னாடி தள்ளி கீழ சாஞ்சு நிக்குது. மூணு நாளா பத்து மறைச்சிருக்கு. அட்மிட் பண்ணி ஊசி மருந்து ஏத்தி, எலும்பைத் திறந்து சீழை எடுத்தாங்க, பிள்ளை நல்லாயிட்டா. ஜெர்மனியில ஷ்வார்ட்ஸேன்னு ஒரு காது டாக்டர் 1873லயே இந்த ஆபரேஷனைப் பத்தி எழுதிட்டாரு, அன்னைக்கு உளியை வச்சு செதுக்குனாங்க, இன்னைக்கு மைக்ரோஸ்கோப்புல பாத்து டிரில் பண்றோம். காது கேக்காத குழந்தைங்களுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட்னு கேக்க வைக்குற கருவியை வைக்கவும் இதே எலும்பு வழியாத்தான் உள்ள போறோம்.

பத்து வேண்டாம்னு மாமியார்கிட்ட பக்குவமா சொல்லுங்க, அவங்க பேரன் மேல உள்ள பாசத்துலதான் சொல்றாங்க. எண்ணெய் ஊத்துறதை இன்னையோட நிறுத்துங்க, ஜவ்வு நல்லா இருந்தா அது நடுக்காதுக்குப் போகவே போகாது, ஜவ்வுல ஓட்டை இருந்தா போகக்கூடாத இடத்துக்குப் போகும். மேடு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தா ஸ்கேன் தேவையில்ல, ஆனா வலி வந்த காதை ஒரு தடவை டார்ச் அடிச்சு ஜவ்வு எப்படி இருக்குன்னு பாத்துடணும், இந்த வாரத்துக்குள்ள காட்டுங்க. காய்ச்சல், சீழ், பின்னாடி சிவப்பு, காது தள்ளி நிக்குறது, இதுல எது வந்தாலும் எனக்கு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்காதீங்க, ராத்திரின்னாலும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு வண்டியைப் பிடிங்க.