பெஞ்சில் இடம் கிடைத்துவிட்டது, அப்புறம்?

சேலம் மாவட்டத்தில் 22 ஆண்டுகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்த்தவள் நான். அதில் 6 ஆண்டுகள் ஏற்காட்டு மலையில். உள்ளடங்கிய கல்வி பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கொண்டலாம்பட்டி, பி.எட். மாணவி: எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் உட்காருவதுதானே உள்ளடங்கிய கல்வி, டீச்சர்?

அது பாதிதான், கண்ணு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்லும் விளக்கத்தில் இரண்டு பகுதி உண்டு. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து படிக்க வேண்டும். கற்பிக்கும் முறையும் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற வேண்டும். பல பள்ளிகள் முதல் பகுதியோடு நின்றுவிடுகின்றன.

நான் போன ஒரு பள்ளியில் மூளை முடக்குவாதம் உள்ள பையன் நான்காம் வகுப்பில் இருந்தான். கணக்கு மனதில் ஓடும், பென்சில் கையில் நிற்காது. வகுப்பு டீச்சர் பழைய காலண்டர் அட்டையை வெட்டி எண் அட்டைகள் செய்தார். அவன் விடையை எழுதாமல் அடுக்கிக் காட்டினான். பத்து நாளில் வகுப்பே அட்டை கேட்டது. வாய்ப்பாடு தடுமாறிய மற்ற பிள்ளைகளும் அதில்தான் தேறினார்கள்.

ஓமலூர், தலைமையாசிரியர்: சாய்தளம் கட்டிவிட்டோம். வேறென்ன வேண்டும்?

கழிப்பறையைப் பாருங்கள், சார். சக்கர நாற்காலியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்த முடிகிறதா? முடியாத பள்ளிகளில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

அம்மாப்பேட்டை, தாய்: மாற்றுத்திறனாளி சான்றிதழ் இன்னும் வரவில்லை. வந்தபிறகு பள்ளியில் சேர்க்கலாமா?

வேண்டாம் அம்மா, இப்போதே சேருங்கள். உதவித்தொகைக்கும் தேர்வுச் சலுகைக்கும் சான்றிதழ் வேண்டும். பள்ளியில் சேர அது வேண்டியதில்லை. இடம் தர முடியாது என்று யாராவது வாயால் சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏற்காடு, நாகலூர் பக்கம், தந்தை: என் மகளுக்குக் காது கேட்காது. இரண்டாம் வகுப்பு, ஊர்ப் பள்ளி. அமைதியாக இருக்கிறாள், நோட்டு சுத்தமாக இருக்கிறது. சேலத்தில் விடுதியோடு இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

உங்கள் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், அண்ணா. நோட்டு சுத்தமாக இருப்பதுதான் எனக்குக் கவலை. கரும்பலகையைப் பார்த்து எழுத்தை வரைகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியதன் பொருள் தெரியாது. நேற்று என்ன நடந்தது, எதற்காக அழுதாள் என்று அவளால் உங்களுக்குச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அவளுக்கு இன்னும் ஒரு மொழி வாய்க்கவில்லை. சின்ன வயதில் அது தவறினால் பிற்பாடு ஈடுகட்டுவது கஷ்டம். காது கேளாத பிள்ளைக்குப் பொருத்தமான மொழியிலும் வழியிலும் கற்பிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சைகை மொழி தெரிந்த ஆசிரியரை நியமிக்கவும் சொல்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி யாரும் இல்லை என்றால் சிறப்புப் பள்ளியை ஒருமுறை போய்ப் பாருங்கள். மகளையும் கூட்டிப் போங்கள்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இத்தனை வருஷம் உள்ளடங்கிய கல்வி பேசிவிட்டு நீங்களே பிரித்து அனுப்பலாமா?

பிரித்து அனுப்பச் சொல்லவில்லை, ஐயா. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் பிள்ளைக்கு அக்கம்பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. நாற்பது பேர் நடுவில் பேச ஒருவரும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கிறாள்.

மீண்டும் அவரே: ஏழு வயதில் விடுதியா? 20 கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, தாயை விட்டு?

நீங்கள் கேட்பது நியாயம். விடுதி எனக்கும் உவப்பில்லை. அரசு அந்த மலைக்கே சைகை மொழி ஆசிரியரை அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுப் போராடலாம், நானும் வருகிறேன். ஆனால் அந்த ஆசிரியர் வரும்வரை பிள்ளையின் வயது நிற்காதே.

பனங்காடு, வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி: எனக்குக் காது கேட்காது. பத்து வருஷம் சாதாரணப் பள்ளியில் கடைசி பெஞ்சு. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, பேசவும் இல்லை. 19 வயதில் பட்டறையில்தான் சைகை கற்றேன். அந்த அப்பா முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும், தம்பி. நாகலூர் அண்ணா, எந்தப் பள்ளியானாலும் சரி, வீட்டில் நீங்களும் அவள் அம்மாவும் சைகை மொழி கற்கத் தொடங்குங்கள்.

ஆத்தூர், தாய்: சான்றிதழ் இல்லாமல் சேர்ப்பார்களா?

அம்மாப்பேட்டை அம்மாவுக்குச் சொன்னதுதான். சேர்க்க வேண்டும்.

அஸ்தம்பட்டி, தந்தை: ஆட்டிசத்தை ஆறு மாதத்தில் குணமாக்குவதாக ஒருவர் சொல்கிறார்.

பணம் கட்டாதீர்கள். குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள்.

மேட்டூர், கல்லூரி மாணவர்: நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினாரே. மனவுறுதி இருந்தால் போதாதா?

ஐந்து வயதில் கால்மீது பேருந்து ஏறி நசுங்கியவர் 1.89 மீட்டர் தாண்டினார். அவரை நினைத்தால் இன்றும் கண் கலங்கும். ஆனால் அவர் திறமையைப் பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் கண்டுகொண்டார், அதையும் சொல்லுங்கள். உறுதி குழந்தையிடம் மட்டும் இருந்தால் போதாது, தம்பி. ஆசிரியரிடமும் அந்தக் கண் வேண்டும்.

வாழப்பாடி, பாட்டி: பேரனுக்குச் சான்றிதழ் வாங்க முகாம் எப்போது என்று தெரியவில்லை. அதுவரை வீட்டில் வைத்திருக்கிறோம்.

வீட்டில் வைக்காதீர்கள், அம்மா. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். நாளைக் காலையே பையனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். முகாம் தேதியை, பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.