டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் ஆன்லைன் கோர்ஸ்: சேர்வதற்கு முன்னால் ஒரு பழைய பாக்கி

வணக்கம் அம்மா. மகன் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் செமஸ்டரில் டிபிடிஇ (டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்) பேப்பர் அரியர், இப்போது ஆன்லைனில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் கோர்ஸ் சேர்கிறேன் என்கிறான், பக்கத்தில் ஒரு பயிற்சி மையம் 18,000 ரூபாய் கேட்கிறது, எதை நம்புவது என்று எழுதியிருந்தீர்கள். 18,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஆன்லைன் கோர்ஸில் சேரட்டும், ஐஐடி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் தளத்தில் பெயர் பதிய ஒரு பைசா செலவில்லை. ஆனால் வகுப்பு தொடங்குவதற்குள் அவன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை முடிக்காமல் எந்தக் கோர்ஸில் சேர்ந்தாலும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுவான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், நிறையப் பெற்றோர் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். இந்த ஆன்லைன் சான்றிதழ் வாங்கினால் அரியர் கழிந்துவிடாது. என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளத்துப் படிப்புகளுக்குக் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி, கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி இருப்பது உண்மை, 2021இல் ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரைக்கும் அனுமதித்தார்கள். ஆனால் எந்தப் பாடத்துக்குப் பதிலாக எதை ஏற்பது என்பது கல்லூரியும் பல்கலைக்கழகமும் முடிவு செய்வது, நடைமுறையில் அது பெரும்பாலும் எலக்டிவ் பாடங்களோடு நின்றுவிடுகிறது. கிரெடிட் வேண்டுமென்றால் சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அரியரை மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும், இந்தக் கோர்ஸ் அதற்கான அஸ்திவாரம்.

இவன் ஏன் தோற்றான் என்பதையும் சொல்கிறேன், அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல் மாணவர்களுக்கு முதலாண்டுக் கணக்கில் மேட்ரிக்ஸும் கால்குலஸும் வருகிறது, இரண்டாம் செமஸ்டரில் புள்ளியியலும் எண்முறைகளும் வருகின்றன. டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை, அதாவது வகைக்கெழுச் சமன்பாட்டை, முறையாகத் தீர்க்கக் கற்றுத்தரும் யூனிட் அங்கே இல்லை, கடைசியில் எண்முறையில் விடை காண்பது மட்டும் கொஞ்சம் உண்டு. அதனால் அவன் கடைசியாக அதைப் பார்த்தது பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் பத்தாவது பாடத்தில். மூன்றாம் செமஸ்டரில் திடீரென்று பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகள் சேர்ந்து வரும் வகை. அதில் அலைச் சமன்பாடு, வெப்பச் சமன்பாடு எதை எடுத்தாலும் மாறிகளைப் பிரித்த அடுத்த வரியிலேயே இரண்டு சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் வந்து நிற்கும். அதைத் தீர்க்கத் தெரியாதவன் அங்கிருந்து ஒரு அடி நகர முடியாது.

இன்னும் கீழே போனால் விஷயம் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. தொகையிடல் (இன்டக்ரேஷன்) முறைகள் முழுக்கப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான், இரண்டாம் தொகுதியின் கடைசிக்கு முந்தின பாடத்தில். பல பள்ளிகளில் அந்த வருஷத்தை அவசரமாகத் தாண்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளை 90க்கு மேல் மார்க் வாங்கியிருப்பான், பகுதிப் பின்னமாகப் பிரித்துத் தொகையிடச் சொன்னால் பேனா நின்றுவிடும். பழைய பாக்கி என்று நான் சொன்னது இதைத்தான்.

போன மாதம் ஒரு மாணவன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான், மேஜையில் ஃபில்டர் காபி. அதையே கணக்காகக் கொடுத்தேன். காபி 80 டிகிரி, அறை 30 டிகிரி, 5 நிமிஷத்தில் காபி 65க்கு வந்துவிட்டது, இன்னும் 5 நிமிஷம் போனால் எவ்வளவு? யோசிக்காமல் 50 என்றான், முதலில் 15 குறைந்தது, மறுபடியும் 15 என்று. சரி, காபி வேகமாக ஆறுவது எப்போது, கொதிக்கும்போதா, வெதுவெதுப்பாக இருக்கும்போதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தான். அப்புறம் மெதுவாக, அறைக்கும் காபிக்கும் உள்ள வித்தியாசம் 50ஆக இருந்தது 35 ஆகியிருக்கிறது, அதாவது பத்தில் ஏழு பங்கு, அடுத்த 5 நிமிஷத்தில் 35இன் பத்தில் ஏழு பங்கு 24.5, ஆக காபி 54.5 டிகிரி என்று அவனே வந்து சேர்ந்தான். நியூட்டனின் குளிர்தல் விதி அவனுக்கு மனப்பாடம்தான், பிளஸ் டூவில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறான். மாறும் வேகம் எதைப் பொறுத்தது என்று ஒரு வரியில் எழுதுவதுதான் இந்தப் பாடம் மொத்தமும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குப் பிடிபட்டது.

ஆகவே முதல் இரண்டு வாரம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம். பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம் மூன்றும் கை பழகட்டும், நாளைக்குப் பத்துக் கணக்கு. மூன்றாவது வாரம் பிளஸ் டூ பத்தாவது பாடம். அதற்கப்புறம் கோர்ஸ்.

என்பிடெல்லில் இந்தப் பெயரில் நிறையப் படிப்புகள் இருக்கின்றன, பெயரைப் பார்த்துச் சேரக் கூடாது. சில எம்எஸ்சி கணித மாணவர்களுக்கானவை, தீர்வு இருக்கிறதா, ஒன்றுதானா என்று நிரூபிப்பதிலேயே வாரங்கள் போகும். அருமையான பாடம்தான், இவனுக்கு இப்போது வேண்டாம். வாரவாரிப் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்து, முதல்வரிசைச் சமன்பாடுகள், மாறாக் கெழு உள்ள இரண்டாம் வரிசை, லாப்லாஸ் உருமாற்றம் இதெல்லாம் இருக்கிற ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. கூடவே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில், பேராசிரியர் ஆர்தர் மேட்டக் நடத்திய 18.03 என்ற டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சூத்திரத்துக்குப் போகாமல் முதல் வகுப்பிலேயே திசைக் கோடுகளை வரைந்து தீர்வு எப்படி வளைந்து ஓடும் என்று கரும்பலகையில் காட்டுவார். அந்த ஒரு வகுப்பையாவது அவன் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம், 1,000 ரூபாய் அளவில். மதிப்பெண்ணில் 25 அசைன்மென்டுக்கு, 75 தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு. அசைன்மென்டில் 10, பரீட்சையில் 30 இரண்டும் தனித்தனியாக வாங்க வேண்டும். இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு வார அசைன்மென்டின் விடையும் யூடியூபிலும் டெலிகிராமிலும் சுற்றுகிறது, பார்த்துப் போட்டு 25க்கு 25 வாங்கிவிட்டுப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து விழிக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. விடியோவில் ஆசிரியர் கணக்கை எழுதியதும் நிறுத்திவிட்டு இவன் நோட்டில் போட்டுப் பார்க்க வேண்டும், தப்பானால்தான் மறுபடி ஓட விட வேண்டும்.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள், அப்படிச் சொல்லி உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஆனால் மெக்கானிக்கலில் அதிர்வு, வெப்பப் பரிமாற்றம், கன்ட்ரோல் என்று வரப்போகிற பாடங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. அவன் ஓட்டுகிற பைக்கின் ஷாக் அப்சார்பர் ஒரு இரண்டாம் வரிசைச் சமன்பாடு. எம்டெக் சேர்வதற்கான கேட் தேர்வின் மெக்கானிக்கல் தாளிலும் கணிதப் பகுதியில் இது நேராக வருகிறது. உங்கள் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், கேட்டில் அந்தப் பிரிவுத் தாளின் பாடத்திட்டத்தில் இது கிடையாது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு எத்தனை விடியோ பார்த்தாய் என்று அவனிடம் கேட்காதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள், கணக்கு புரிய வேண்டியதில்லை, பக்கம் நிறைந்திருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு வாரம் முடிந்ததும் பகுதிப் பின்னக் கணக்கு ஒன்றை அவன் கையால் போட்டுப் படமெடுத்து எனக்கு அனுப்பட்டும், எந்தக் கோர்ஸ் என்பதை அதைப் பார்த்துவிட்டு அவனிடமே பேசிக்கொள்கிறேன்.