கேளுங்கள் அக்கா: ஆகாயத்தில் தேத்தண்ணி கொடுக்கிற வேலையா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் மல்லாவி. உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறேன். விமானப் பணிப்பெண்ணாக வரவேண்டும் என்பது சின்ன வயசு ஆசை. "ஆகாயத்தில போய் ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்" என்று அம்மா ஒரே மறுப்பு. அதோடு பிளேன் சத்தம் கேட்டால் அவவுக்கு இன்னமும் நெஞ்சு பதறும். என்ன சொல்லி விளங்கப்படுத்துவது?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பதற்றம். போர்க்காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடிய தலைமுறை அது, வாதாடி மாற்றப் பார்க்காதீர்கள். கனடாவுக்கோ லண்டனுக்கோ பிள்ளைகளிடம் போய்வந்த ஒரு அம்மா உங்கள் ஊரிலும் இருப்பா, அவவை வீட்டுக்குக் கூட்டிவந்து அம்மாவோடு ஆறுதலாகக் கதைக்க விடுங்கள். நீங்களும் நானும் சொல்வதைவிட அவ சொல்வது எடுபடும்.

தேத்தண்ணிக் கதைக்கு வருவோம். தேத்தண்ணி கொடுக்க மட்டும் என்றால் எந்த நிறுவனமும் இத்தனை பேரைச் சம்பளம் கொடுத்து ஏற்றாது. 50 இருக்கைக்கு ஒருவராவது இருக்கவேண்டும் என்பது பல நாடுகளில் விதி, அதுவும் ஆபத்து வந்தால் சனத்தை வெளியேற்றத்தான். பெரிய விமானம் ஒன்றைப் புதிதாகச் செய்தால், பாதிக் கதவுகளை மட்டும் பாவித்து 90 செக்கனுக்குள் எல்லோரையும் இறக்கிக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். 2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் இன்னொன்றோடு மோதி நெருப்புப் பிடித்தது. உள்ளே 379 பேர். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை, எட்டுக் கதவில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது, பணியாளர்கள் மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்திக் கத்தி அந்த விமானத்தில் இருந்த அத்தனை பேரையும் உயிரோடு இறக்கினார்கள். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது கதவடியில் மடக்கு இருக்கையில் பட்டி போட்டபடி ஒரு பிள்ளை பேசாமல் இருப்பாள், கவனித்திருக்கிறீர்களோ? வெளியே நெருப்பென்றால் சனத்தை எந்தக் கதவுக்குத் திருப்புவது, என்ன சொல்லிக் கத்துவது, முன் வரிசையில் உதவக்கூடிய ஆள் யார் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏறும்போதும் இறங்கும்போதும் இது நடக்கும். முதலுதவி, நெருப்பணைப்பு எல்லாம் பழகி, பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால்தான் பறக்கவே விடுவார்கள், பிறகும் ஒழுங்காக மறுபயிற்சி இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிது. எங்கள் பக்கத்துக் கிழவிகள் முதன்முதல் பறக்கும்போது மலசலகூடக் கதவை எப்படித் திறப்பதென்று கேட்க வெட்கப்பட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பத்து மணித்தியாலம் அப்படியே இருந்துவிடுவார்கள். அந்த நேரம் ஒருத்தி குனிந்து "அம்மா, மச்சமோ மரக்கறியோ?" என்று கேட்டால் அந்த முகம் எப்படி மாறும்! அதைச் செய்ய எங்கள் பிள்ளைகள் அங்கே வேண்டும்.

கஷ்டமும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். நித்திரை ஒழுங்காக வராது, கால் வீங்கும், சூடான தட்டில் கை சுடும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லீவு கிடைக்குமென்று நம்பியிருக்க முடியாது.

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தகப்பன். மகளுக்கு விமான வேலை நிச்சயம் என்று சொல்லி ஒரு பயிற்சி நிலையம் நாலு லட்சம் கேட்கிறது. காணியை ஈடு வைக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, காணியில் கை வைக்காதீர்கள். வேலைக்கு எடுக்கிற நிறுவனம் எடுத்தபின் தானே பயிற்சி கொடுக்கும், விண்ணப்பிக்க நல்ல நிறுவனம் எதுவும் காசு கேட்காது. வேலையை நிச்சயம் என்று சொல்ல வெளியாள் யாராலும் முடியாது. அந்தக் காசில் சிறு பங்கைப் பிள்ளையின் ஆங்கிலத்துக்குச் செலவழியுங்கள், சிங்களமும் படிக்கட்டும். ஸ்ரீலங்கன் விமானத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்பு வரும், மூன்றும் சரளமாக வாயில் வருகிற பிள்ளைக்கு அது பெரிய பலம்.

கேள்வி: எனக்கு உயரம் குறைவு, நீச்சலும் தெரியாது. விண்ணப்பிக்கலாமா? (ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எமிரேட்ஸ் 160 சென்ரிமீற்றர் உயரமும், கையை உயர்த்தினால் 212 சென்ரிமீற்றர் எட்டவேண்டும் என்றும் கேட்கிறது, மேல் தட்டில் இருக்கிற பாதுகாப்புச் சாமான்களை எடுக்க. சுவரில் பென்சிலால் கோடு போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் நின்று எட்டிப் பாருங்கள். நீச்சல் பழகலாம், பயிற்சியில் தண்ணீருக்குள் இறங்கி மிதவைப் படகில் ஏறவேண்டி வரும். ஆனால் குளத்தில் தனியாக இறங்காதீர்கள், பழக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் கட்டாயம் நிற்கவேண்டும்.