மாதிரித் தூக்குப்பாலத்தின் சர்க்யூட் போர்டு பழுதானால் முழுப் பாலத்தையும் மாற்ற வேண்டுமா?

கீழக்கரையில் உள்ள உங்கள் எச்ஓ (1:87 அளவு) மாதிரி ரயில் தளத்தில் மோட்டாரால் இயங்கும் தூக்குப்பாலம் பாதி தூரம் எழுந்து நின்றுவிடுகிறது என்றும், சில நாள்களில் அசையவே இல்லை என்றும், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் பச்சை படிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே போர்டு இப்போது விற்பனையில் இல்லாததால் முழுப் பாலத்தையும் மாற்றுவதுதான் வழியா என்று கேட்கிறீர்கள். மாற்ற வேண்டியதில்லை. அதே போர்டைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. இத்தகைய பொருள்களில் பெரும்பாலும் கெட்டுப்போவது போர்டு மட்டும்தான். மோட்டாரும் பற்சக்கரங்களும் நன்றாகவே இருக்கும். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, வேலைக்குப் போதுமான மிக எளிய மின்சுற்று ஒன்றைப் புதிதாகப் பொருத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். நான் மண்டபத்தில் வசிக்கிறேன். ஒருபுறம் பாக் விரிகுடாவும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் இருக்கும் இந்த ஊரில், பாகங்கள் குறைவாக உள்ள மின்சுற்றே நீண்ட நாள் உழைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பழுது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய வேண்டும். மோட்டாருக்குச் செல்லும் இரண்டு கம்பிகளையும் போர்டிலிருந்து கழற்றி, 3 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பாலம் தங்குதடையின்றி எழுந்தால் இயந்திரப் பகுதியில் குறையில்லை. இறுக்கமாக எழுந்தால், பழைய கிரீஸ் உறைந்திருக்கும். அதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸைச் சிறிதளவு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் எக்காரணம் கொண்டும் வேண்டாம்; அது நாளடைவில் பிசினாகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதே சமயத்தில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, மோட்டார் ஓடும்போது எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்பதையும், பாலத்தை ஒரு நொடி கையால் தடுத்தால் எவ்வளவு எடுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கப்போகும் ஒவ்வொரு பாகத்தின் திறனையும் அந்த இரண்டாவது எண்தான் தீர்மானிக்கும்.

இயந்திரம் நன்றாக இருந்து போர்டு மட்டும் சந்தேகத்துக்கு உரியது என்றால், அதைத் தூக்கி எறிவதற்கு முன் அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவற்றின் தலை புடைத்திருந்தாலோ, அடியில் கசிவு தெரிந்தாலோ, அவற்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது சில ரூபாய் செலவில் முடியும் வேலை. பாதியில் நின்றுவிடும் பழுதுக்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு; வற்றிப்போன கெப்பாசிட்டரால் சுமை ஏறும் நேரத்தில் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது. ஆனால் போர்டின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் ஐசியின் (நிரல் பதிந்த சிப்பின்) கால்களுக்கு இடையே பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அந்தப் போர்டைக் காப்பாற்ற முயல வேண்டாம். அதே எண்ணுள்ள புதிய ஐசியை வாங்கிப் பொருத்தினாலும் அது இயங்காது. பாலத்தை இயக்கும் நிரல் பழைய ஐசிக்குள் பதிந்திருக்கிறது, பொதுவாக அதை வெளியே படித்து எடுக்க முடியாதபடி தயாரிப்பாளர்கள் பூட்டியும் வைத்திருப்பார்கள்.

இனி மாற்று ஏற்பாட்டுக்கு வருகிறேன். உங்களுக்குப் பாலம் ஒரு பொத்தானில் எழுந்து இறங்கினால் போதும் என்றால், நிரல் பதிந்த ஐசியே தேவையில்லை. லேசாக அழுத்தினாலே இயங்கும் இரண்டு மைக்ரோ சுவிட்சுகள், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு 1என்4007 டயோடுகள், துருவத்தை மாற்ற ஆறு முனைகள் கொண்ட ஒரு டிபிடிடி சுவிட்ச், ஒரு 12 வோல்ட் டிசி அடாப்டர், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு எல்எம்2596 மாட்யூல் ஆகியவை போதும். பாலம் முழுவதும் எழுந்த நிலையில் அழுந்தும்படி ஒரு மைக்ரோ சுவிட்சையும், முழுவதும் இறங்கிய நிலையில் அழுந்தும்படி மற்றொன்றையும் பொருத்தி, இரண்டையும் மோட்டாருடன் தொடராக இணையுங்கள். சாதாரண நிலையில் இணைந்திருக்கும் முனைகளையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சுவிட்சின் குறுக்கேயும் ஒரு டயோடு வரும். பாலம் உச்சியைத் தொட்டதும் மேல் சுவிட்ச் திறந்துகொள்ள, அந்தத் திசையில் செல்லும் மின்னோட்டத்தை டயோடு தடுத்து மோட்டாரை நிறுத்திவிடும்; டிபிடிடி சுவிட்சால் துருவத்தை மாற்றியவுடன் அதே டயோடு வழியாக மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து பாலத்தை இறக்கத் தொடங்கும். இதில் நினைவகம் இல்லை, நிரல் இல்லை, கெடுவதற்கான இடங்களும் மிகக் குறைவு. டயோடுகளின் திசை சரியா என்பதை, மோட்டாரைப் பற்சக்கரத்திலிருந்து விலக்கி ஓடவிட்டு, சுவிட்சுகளை விரலால் அழுத்திச் சோதித்த பிறகே பாலத்துடன் இணைக்க வேண்டும். திசை தவறியிருந்தால் மோட்டார் எல்லையில் நிற்காமல் பற்களை அரைத்துவிடும்.

எல்எம்2596 மாட்யூலில் உள்ள சிறு திருகைத் திருப்பி மின்னழுத்தத்தை, மோட்டார் ஒவ்வொரு முறையும் தயங்காமல் கிளம்பும் மிகக் குறைந்த அளவில் நிறுத்துங்கள். மாதிரிப் பாலங்கள் விற்பனைக்கு வரும்போதே தேவைக்கு மீறிய வேகத்தில் எழுகின்றன என்பது என் நெடுநாள் மனக்குறை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில், இரண்டாகப் பிளந்து எழும் ஷெர்சர் வகைத் தூக்குப்பகுதியை ஆட்களே கையால் இயக்கித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப்பகுதி மோட்டார்களின் உதவியால் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. அதற்கும் சில நிமிடங்கள் ஆகின்றன. எச்ஓவின் 1:87 அளவில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 83 செ.மீ. நீளமும் 19.5 செ.மீ. உயர்வும் ஆகும். அந்த நிதானத்தைப் பாம்பனில் நேரில் பார்த்த நமக்கு, இரண்டு நொடியில் துள்ளி எழும் பாலம் கண்ணை உறுத்துகிறது.

12 வோல்ட் அடாப்டருக்குப் பதில் உங்களிடம் இருப்பது பழைய 16 வோல்ட் ஏசி டிரான்ஸ்பார்மர் என்றால், ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிபையரைக் கடந்த பிறகு கெப்பாசிட்டரில் சுமார் 21 வோல்ட் நிற்கும். சுமை இல்லாதபோது இன்னும் கூடும். ஆகவே 25 வோல்ட் கெப்பாசிட்டர் போதாது, 35 வோல்ட் தேவை. அந்த 21 வோல்ட்டை 7805 என்ற மின்னழுத்தச் சீராக்கி ஐசி கொண்டு 5 வோல்ட்டாகக் குறைத்தால், 0.2 ஆம்பியர் எடுக்கும்போதே 3.2 வாட் வெப்பம் வீணாகும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது நல்லதல்ல.

ரயில் நெருங்கும்போது பாலம் தானாக இறங்க வேண்டும், விளக்குகள் மாறி மாறி மின்ன வேண்டும் என்று விரும்பினால் நிரல் எழுதி இயக்கும் சிறு போர்டான அர்டுயினோ நானோவும், அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் தரும் ஒரு மோட்டார் டிரைவரும் தேவைப்படும். எல்298என் டிரைவர் எளிதில் கிடைக்கிறது. ஆனால் அது தனக்கே ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால், சிறிய மோட்டாருக்கு டிஆர்வி8833 மேலானது. மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே 104 என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால், மோட்டாருக்குள் எழும் தீப்பொறியின் மின்னிரைச்சலால் நானோ தானாக மறுதொடக்கம் ஆவது குறையும். நிரலில் ஒரு கால வரம்பு கட்டாயம் இருக்க வேண்டும்: வழக்கமாக எடுக்கும் நேரத்தைப் போல இருமடங்கு கடந்தும் லிமிட் சுவிட்சிலிருந்து (எல்லையில் அழுந்தும் மைக்ரோ சுவிட்சிலிருந்து) செய்தி வரவில்லை என்றால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். இங்கேயும் சாதாரண நிலையில் இணைந்திருக்கும் முனைகளையே பயன்படுத்துங்கள். கம்பி அறுந்தால், எல்லையைத் தொட்டதாகக் கருதி மோட்டார் நின்றுவிடும். பழுது ஏற்பட்டால் சிக்னல் சிவப்புக்கே போக வேண்டும் என்பது ரயில்வேயின் விதி; மாதிரியிலும் அதையே கடைப்பிடிக்கலாம்.

கடற்கரையில் வாழ்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நானோவின் உள்ளீட்டை 5 வோல்ட் நிலையில் நிறுத்தும் உள்ளமைந்த புல்அப் மின்தடை 20 முதல் 50 கிலோஓம் வரை இருப்பதால், லிமிட் சுவிட்ச் வழியாக அதிகபட்சம் 0.25 மில்லிஆம்பியர் மட்டுமே பாய்கிறது. உப்புக்காற்றால் சுவிட்சின் முனைகளில் படியும் மெல்லிய படலத்தைத் துளைக்க அது போதாது. வெளியே 1 கிலோஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் 5 மில்லிஆம்பியர் பாயும். சுவிட்ச் நம்பகமாக வேலை செய்யும்.

போர்டில் பாகங்களைச் சால்டரிங் மூலம் பற்றவைத்து முடித்ததும், அதற்குப் பயன்படுத்திய பிளக்ஸ் பசையின் கறையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் முழுவதும் கழுவி, நன்கு உலர்த்தி, அக்ரிலிக் பாதுகாப்புப் பூச்சை இரண்டு முறை தெளியுங்கள். கறையை நீக்காமல் பூசினால் களிம்பு பூச்சுக்கு அடியிலேயே வளரும். சுவிட்சுகள், இணைப்பான்கள், திருகுகள் மீது பூச்சு படாதபடி ஒட்டுநாடாவால் மறைத்துவிடுங்கள். துளைகளை அடைக்க, வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோனைப் பயன்படுத்த வேண்டாம். அது உலரும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். வாடையற்ற நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். இயன்றவரை திருகு முனைகளைத் தவிர்த்து, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிகளை நேரடியாகப் பற்றவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும். பாலத்தையும் வாரம் ஒருமுறையாவது இயக்குங்கள்.

பாலம் எழுந்திருக்கும்போது ரயில் வந்து விழாதபடி ஒரு காப்பும் தேவை. பாலத்துக்கு இருபுறமும், எஞ்சினின் நீளத்தையும் அது நிற்க எடுக்கும் தூரத்தையும் சேர்த்த அளவுக்கு, ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் பிளாஸ்டிக் இணைப்பான்களால் தனியாகப் பிரித்துவிடுங்கள். பாலம் முழுவதும் இறங்கி அமர்ந்தால் மட்டுமே அழுந்தும் மூன்றாவது மைக்ரோ சுவிட்ச் வழியாக அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொடுங்கள்; இதற்கு, அழுத்தும்போது இணையும் முனையைப் பயன்படுத்த வேண்டும். இதை நானோவின் பொறுப்பில் விடாமல் நேரடிக் கம்பியாகவே செய்யுங்கள்.

பாகங்கள் அனைத்தும் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும். மைக்ரோ சுவிட்சுகளைப் பழைய பிரிண்டர்களிலிருந்தும் கழற்றிக்கொள்ளலாம். மோட்டாரின் மேல் உள்ள எண்ணையும், நீங்கள் அளந்த இரண்டு மின்னோட்ட அளவுகளையும் பின்னூட்டத்தில் எழுதினால், எந்த டிரைவர் பொருந்தும், எத்தனை வோல்ட்டில் தொடங்கலாம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.