தொப்பையைக் குளிர வைக்க முன்பணம் கட்டிவிட்டேன்

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வயிறு இறங்கவே இல்லை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஓர் அழகு நிலையத்தின் நோட்டீஸில், ‘கத்தி இல்லாமல் குளிராலேயே கொழுப்பு கரையும், ஒரே மாதத்தில் 8 கிலோ குறையும்’ என்றிருந்தது. ஆறு முறைக்கு 60,000 ரூபாய். அன்றே பதிந்தால் பாதி விலை என்றதால் 10,000 கட்டிவிட்டேன். இன்னும் சிகிச்சை தொடங்கவில்லை. ரசீதில் ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருக்கிறது. பலன் உண்டா? பணத்தைக் கேட்கலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: சிகிச்சை பொய்யில்லை அம்மா, நோட்டீஸ்தான் பொய். பாதி விலையும் அப்படித்தான். நாளை போனாலும் அதையேதான் சொல்வார்கள்.

குச்சி ஐஸை வாயில் அடக்கிக்கொண்டே இருந்த குழந்தைகளுக்குக் கன்னம் ஒட்டிப்போனதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். தோலைவிடக் கொழுப்பு குளிருக்குச் சீக்கிரம் சாகும். அதை வைத்து அமெரிக்காவில் மான்ஸ்டைன், ஆண்டர்சன் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கிய முறை இது. அந்நாட்டு அரசு 2010-இல் இடுப்பு மடிப்புக்கும் 2012-இல் வயிற்றுக்கும் அனுமதித்தது. செத்த கொழுப்பை உடம்பு இரண்டு மூன்று மாதங்களில் மெல்ல அப்புறப்படுத்தும். கருவி பிடித்த இடத்தில் கொழுப்புப் படலம் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாலில் ஒரு பங்கு மெலியும். எடை பார்க்கும் இயந்திரத்தில் அது தெரியவே தெரியாது.

நிமிர்ந்து நின்று தொப்புளுக்குக் கீழே கிள்ளிப் பாருங்கள். சதை கொத்தாக விரலுக்குள் வந்தால் அது தோலடிக் கொழுப்பு; குளிர் எட்டுவது அதை மட்டும்தான். பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் வயிறு பானைபோல் விறைத்திருந்தால் கொழுப்பு உள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது. அதற்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்தான். வயிற்றில் குடலிறக்கம் உள்ளவர்களும் குளிர் பட்டால் ரத்தத்தில் கோளாறு வருபவர்களும் இதன் பக்கமே போகக் கூடாது. சில வாரங்கள் தோல் மரத்திருப்பது சகஜம். அபூர்வமாகச் சிலருக்குக் கொழுப்பு குறையாமல் கெட்டிப்பட்டுப் பெருத்துவிடும். மாடல் அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா தனக்கு அப்படி ஆனதை 2021-இல் வெளியே சொன்னார். தோலைக் காக்கும் ஜெல் விரிப்பு இல்லாத, குளிரின் அளவு நிற்காத மட்டமான கருவி என்றால் தோல் வெந்துபோகும். எந்தக் கருவி, பக்கத்தில் மருத்துவர் இருப்பாரா என்று கேட்டீர்களா? வண்ணாரப்பேட்டை வரை போகிறவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கும் ஒரு நடை போய்க் காட்டியிருக்கலாம். இப்போதும் போகலாம்.

இனிப் பணம். சிகிச்சையே தொடங்காதபோது ரசீதில் இருக்கும் அந்த ஒரு வரி உங்கள் வாயை அடைத்துவிடாது. ‘8 கிலோ’ என்பது தவறான விளம்பரம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதன்மீது புகார் செய்ய இடமிருக்கிறது. சிகிச்சை வேண்டாம், பணம் வேண்டும் என்று எழுதி, ரசீது நகலுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அடுத்தது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. அதுவரை அந்த நோட்டீஸைப் பலகாரம் மடிக்க எடுத்துவிடாதீர்கள்.