முதலில் கரண்ட் பில்லைக் கேளுங்கள்: முதலாளிகளும் இளைஞர்களும், கேள்வி பதில்

வணக்கம். நான் எனர்ஜி ஆடிட்டர். பீனியா, பொம்மசந்திரா பக்கத்துத் தொழிற்சாலைகளில் கரண்டும் தண்ணீரும் எங்கே வீணாகின்றன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சுற்றுச்சூழலுக்காகத் தொழில் நடத்தும் பெரியவர்களும் இளம் தலைமுறையும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்று பெங்களூர்த் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி, கெங்கேரி: அக்கா, நானும் என் தோழிகளும் பீனியாவில் சில கம்பெனிகளுக்குப் போய், "உங்கள் கார்பன் அளவை (தொழிற்சாலையால் காற்றில் சேரும் கரிப்புகையின் கணக்கை) இலவசமாகக் கணக்கிட்டுத் தருகிறோம்" என்றோம். வாட்ச்மேனைத் தாண்டவே முடியவில்லை. வேறு எப்படிக் கேட்பது?

ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்காகக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் முதலாளிக்கு மாதம் பிறந்தால் சம்பளம், ஜி.எஸ்.டி., பேங்க் தவணை. கார்பன் என்று நீங்கள் ஆரம்பித்ததும் ஏதோ ஆபீசிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று பயந்திருப்பார். அடுத்த முறை, "உங்கள் ஏர் கம்ப்ரஸரில் (மெஷின்களுக்கு அழுத்தக் காற்று கொடுக்கும் இயந்திரத்தில்) லீக் எவ்வளவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டைத் திறப்பார்கள்.

சோதனை எளிது. மெஷின்கள் எல்லாம் நின்றிருக்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்றை எடுக்காதபோதும் அது அவ்வப்போது லோடு ஆகும், அதாவது காற்றை அழுத்தி நிரப்பும்; ஏனென்றால் குழாய் இணைப்புகளில் காற்று கசிகிறது. எத்தனை நிமிடம் லோடில் ஓடுகிறது, எத்தனை நிமிடம் அன்லோடில், அதாவது காற்றை நிரப்பாமல் சும்மா, நிற்கிறது என்று பல சுற்றுகள் குறித்துக்கொள்ளுங்கள். லோடு 2 நிமிடம், அன்லோடு 6 நிமிடம் என்றால், 8-இல் 2, அதாவது 25 சதவீதக் காற்று கசிவில் போகிறது. சரியாகப் பராமரிக்காத இடங்களில் 20 முதல் 30 சதவீதம் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இதைப் பணமாக்கிக் காட்டுங்கள். 30 எச்.பி. கம்ப்ரஸர் என்றால் 22 கிலோவாட். அதில் கால்வாசி 5.5 கிலோவாட். நாளுக்கு 16 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 26,400 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால் 1,84,800 ரூபாய். இதை முழுவதும் மிச்சம் என்று சொல்லிவிடாதீர்கள். அன்லோடில் சும்மா சுற்றும்போதும் கம்ப்ரஸர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரண்ட் இழுக்கும். எல்லா லீக்கையும் அடைக்கவும் முடியாது. பாதி மிச்சமானாலும் ஹோஸ், கிளாம்ப் செலவு சீக்கிரமே திரும்பிவிடும். கார்பன் கணக்கைத் தாளின் கடைசி வரியில் எழுதுங்கள்: நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அந்த வரியை அவர் அப்போது படிப்பார்.

ஆட்டோ உதிரிபாக ஒர்க்ஷாப் நடத்துபவர், ராஜாஜிநகர்: மேடம், பையன் வெளியூரில் படித்துவிட்டு வந்து சோலார் போடணும், எல்லாவற்றையும் மாற்றணும் என்கிறான். தொழிலில் அனுபவம் கிடையாது. இவன் பேச்சை நம்பி லட்சக்கணக்கில் எப்படிப் போடுவது?

ஐயா, அவர் பேச்சில் இருக்கும் ஆதாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021-இல் கொண்டுவந்த பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளைப் பற்றி கம்பெனிகள் வருடாவருடம் கொடுக்கும் கணக்கு), 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள கம்பெனிகளுக்குக் கட்டாயம். அவர்கள் கணக்கு எழுத ஆரம்பித்தால் சரக்கு கொடுக்கும் உங்களிடமும் கேள்வி வரும். ஐரோப்பாவுக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ உங்கள் சரக்கு போகிறதென்றால் இன்னும் நெருக்கம். இறக்குமதிச் சரக்கைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்குக் கட்டணம் கேட்கும் அவர்களுடைய எல்லைக் கார்பன் கட்டண முறை 2023 அக்டோபரில் கணக்குக் கொடுப்பதோடு தொடங்கி, 2026 ஜனவரி முதல் போகும் சரக்குக்குக் கட்டணம் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம் எல்லாம் அதில் உண்டு. போல்ட்டும் நட்டும்கூட உண்டு. இந்தப் படிவங்களை உட்கார்ந்து நிரப்ப உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பது பெரிய விஷயம்.

உங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது என்பதும் உண்மைதான். உங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதன்மேல் பேனலை அப்படியே வைக்க முடியாது. தனி ஸ்ட்ரக்சர் வேண்டும், அந்தச் செலவு அவருடைய எக்ஸெல்லில் இருக்காது. எந்த மாதம் ஆர்டர் குறையும், எந்த மெஷினை விற்கப் போகிறீர்கள் என்பதும் உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. கடந்த 12 மாத கரண்ட் பில்லையும் செக் புத்தகத்தின் ஒரு சிறு பகுதியையும் அவர் கையில் கொடுங்கள். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ, உங்களால் முடிந்த தொகை. எதில் போடுவது என்று அவரே முடிவு செய்யட்டும், ஆறு மாதம் கழித்து பில்லைக் காட்டட்டும். சோலார் பேச்சு அதற்குப் பிறகு. சொந்தப் பொறுப்பில் ஒரு தொகையைச் செலவழித்துப் பார்க்காதவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்?

ஹெச்.ஆர். அதிகாரி, அவுட்டர் ரிங் ரோடு: எங்கள் கம்பெனியில் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களை வைத்து பசுமைக் குழு தொடங்கப் போகிறோம். சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணத்தை அதற்குப் பயன்படுத்தலாமா?

உங்கள் சொந்த வளாகத்துச் செலவுக்குக் கூடாது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135 சொல்லும் அந்த 2 சதவீத லாபப் பணம் வெளியே சமூகத்துக்குச் செய்வதற்கு. வழக்கமான தொழிலுக்கான செலவும் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவும் அதில் சேராது. குழுவுக்கு நிர்வாகச் செலவிலிருந்தே ஒரு தொகை ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாது என்றால், தயவுசெய்து குழுவே வேண்டாம். ஆறு மாதம் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு ஒரு குழாயைக்கூட மாற்ற முடியாமல் போன பிள்ளைகள், அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

சாஃப்ட்வேர் ஊழியர், ஒயிட்ஃபீல்ட்: ஜூன் 5 வந்தால் செடி நட்டு போட்டோ எடுக்கிறார்கள். அது போதாது என்று எப்படிச் சொல்வது? வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயமும் இருக்கிறது.

உங்கள் கம்பெனி பங்குச் சந்தையின் அந்த முதல் 1000-இல் இருந்தால் அதன் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை பொதுவில் கிடைக்கும். அதில் உள்ள கோட்பாடுகளில் ஆறாவது சுற்றுச்சூழல். தண்ணீர், எரிசக்தி, கழிவு எல்லாவற்றுக்கும் இந்த வருடம், போன வருடம் என இரண்டு எண்கள் அருகருகே இருக்கும். கூடியிருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஃபெசிலிட்டீஸ் மேலாளரிடம் (கட்டடப் பராமரிப்பைக் கவனிப்பவரிடம்) போங்கள். மெயில் அனுப்பாமல் நேரில் போங்கள். "இதைக் குறைக்க நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அவரும் மேலே பதில் சொல்ல வேண்டியவர்தான், உதவிக்கு ஒரு ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பெல்லந்தூர்: அபார்ட்மென்ட்டுக்கும் இது பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும். பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும் தீப்பிடித்ததையும் அங்கேயே இருந்து பார்த்திருப்பீர்கள். சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் போய்ச் சேர்ந்த பலன் அது. பல இடங்களில் கரண்ட் மிச்சம் என்று இரவில் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ப்ளோயரை, அதாவது தண்ணீருக்குள் காற்று ஊதும் இயந்திரத்தை, அணைத்துவிடுகிறார்கள். ஆக்ஸிஜன் இல்லாமல் கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா செத்து, தண்ணீர் நாறி, அதை யாரும் ஃப்ளஷுக்கு எடுக்காமல் டேங்கர் வாங்குகிறார்கள். பகலில் வீட்டிலிருக்கும் நீங்கள் ஆபரேட்டரிடம் பேசுங்கள். ப்ளோயர் ஓடும் நேரத்தைப் பதிவுசெய்யும் வேலையை இளைஞர்களிடம் விடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: முதலாளிகளோடு உட்காருவது விலைபோவதுதானே? தெருவில் இறங்கினால்தான் எதுவும் நடக்கும்.

தெருவில் இறங்கி நடந்ததை நாம் பார்த்தோம். 2016 அக்டோபரில் ஸ்டீல் ஃப்ளைஓவர் வேண்டாம் என்று மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள், 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கெட்டது ஒன்றைத் தடுக்க அந்த வழி வேண்டும், அதை யாரும் விட்டுவிடக் கூடாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரைத் திருத்த உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். உள்ளே போகும்போது ஒரு நிபந்தனை வையுங்கள்: எண்களைக் காட்டும்வரை உங்கள் பெயரோ படமோ அவர்கள் விளம்பரத்தில் வரக்கூடாது. மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் வந்திருக்கிறேன்.

மெயின்டெனன்ஸ் ஃபிட்டர், ஸ்ரீராமபுரம்: மேடம், எனக்கு 54 வயசு. முதலாளியும் பேசுறாரு, காலேஜ் பசங்களும் வந்து பேசுறாங்க. எங்களை யாரும் கேக்குறதில்லை.

அண்ணா, இந்தக் கேள்விக்காகவே நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பார் (காற்றழுத்த அளவு) குறைத்தால் கம்ப்ரஸர் கரண்ட் 6, 7 சதவீதம் குறையும் என்று பிள்ளைகள் படித்துவிட்டு வருவார்கள். உடனே குறைக்கச் சொல்வார்கள். காற்றுக் குழாய் லைன் கடைசியில் இருக்கும் மெஷினுக்குக் காற்று போதவில்லை என்பதற்காக எப்போதோ ஒருவர் மொத்த அழுத்தத்தையும் ஏற்றி வைத்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஒரு குழாயைப் பெரிதாக்கினால் எல்லாவற்றையும் குறைக்கலாம். அடுத்த முறை அவர்கள் வரும்போது லைன் முழுக்கக் கூட நடந்து ஒவ்வொரு இடமாகக் காட்டுங்கள். முதலாளிக்குப் போகும் தாளில் இடத்தைக் கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.