மேடை வேண்டாம் தம்பி

ஐயா,
கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து இளைஞர் அமைதிக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறோம். அமைதிப் பணியில் இளைஞர்களையும் சேர்க்கச் சொல்லும் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 2250ஆம் தீர்மானத்தைப் படித்ததும் வந்த எண்ணம். ஜூன் 20, உலக அகதிகள் தினத்தன்று திருச்சியில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து சிலரை அழைத்துப் பேசவைத்து, உதவிப் பொருட்கள் தர இருக்கிறோம். அவர்களை நம்மோடு இணைக்க வேறென்ன செய்யலாம்? எதைப் படிக்கலாம்?
எஸ்.

அன்புள்ள தம்பி,

உங்கள் வயதில் இப்படி யோசிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. 2015இல் வந்த அந்தத் தீர்மானம் நல்லதுதான், சரி. புத்தகப் பட்டியல் அப்புறம் பார்க்கலாம். ஆனால் அந்த மேடையை விட்டுவிடுங்கள்.

யாரைப் பேசவைக்கப் போகிறீர்கள்? இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் தாத்தா பாட்டியாகிவிட்டார்கள். திருச்சியின் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் உங்கள் வயதில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்து நம் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். அவர்கள் கண்ணால் பார்க்காத போரைப் பேசச் சொல்லி, அழவைத்து, கையில் ஒரு பையைக் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பிவிடுவதற்குப் பெயர் இணைப்பா? கோபம் வருகிறது தம்பி.

எங்கள் பள்ளி வாலிபால் அணியில் முகாம் பையன் ஒருவன் இருந்தான். வெளியூர்ப் போட்டி என்றால் அன்று முகாமில் அதிகாரிகள் ஆள் சரிபார்க்கும் தணிக்கை உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். தணிக்கைக்கு ஆள் நேரில் நிற்காவிட்டால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நின்றுவிடும் என்று வீட்டில் பயம். தஞ்சாவூரில் ஒரு போட்டி, அதே நாளில் தணிக்கை. "உன்னால எப்பவும் தொந்தரவுதான்" என்றார் பயிற்சியாளர். அவன் ஒன்றும் பேசவில்லை. ஷூவைக் கழற்றி, லேஸை உருவிச் சுருட்டி உள்ளே வைத்து, மாற்று ஆட்டக்காரனிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினான். அன்று அவனுக்கு வேண்டியிருந்தது கூடப் போய் அதிகாரியிடம் அனுமதி கேட்க ஒரு பெரிய மனிதர், அவ்வளவுதான்.

இன்றைக்கும் அதேதான் வேண்டியிருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதற்குப் பிறகு பிறந்தால் அப்பா அம்மாவில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. அண்டை நாட்டு அகதிகள் சிலருக்குக் குடியுரிமை தர வந்த 2019 சட்டத் திருத்தத்தில் இலங்கையையே சேர்க்கவில்லை. அதனால் திருச்சி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கும் பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலை கிடையாது. கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் ஒரு பெண், 1987க்கு முன்பு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் பிறந்தவர், உயர் நீதிமன்றம் வரை போய்தான் பாஸ்போர்ட் வாங்கி 2024இல் ஓட்டுப் போட்டார். அந்த வருஷங்களில் பிறந்தும், காகிதம் தேடி அலைய ஆளில்லாமல் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்களோ!

டெல்டாக்காரர்கள் இதை வேடிக்கை பார்க்கவே கூடாது. 1991இல் நமக்குத் தண்ணீர் விடச் சொல்லி கர்நாடகத்துக்குக் காவிரி நடுவர் மன்றம் போட்ட இடைக்கால உத்தரவு டிசம்பரில் அரசிதழில் வந்ததும், பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டு ஆயிரக்கணக்கில் ஓடி வந்தார்கள். நம் வயலுக்குக் கேட்ட தண்ணீருக்காக வீட்டை விட்டவர்கள் அவர்கள். அவர்களையும் மறந்துவிட்டோம்.

உங்கள் குழுவில் சட்டம் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால், பந்தலுக்கு வசூலித்த காசில் திருச்சிக்கு அனுப்புங்கள். முகாமில் 1987க்கு முன்பு பிறந்தவர் யார், பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, இல்லை எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தேட வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அப்புறம் ஒவ்வொருவரோடும் அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஆரம்பியுங்கள்.